எழுபது நாள் பக்குவம், ஐந்தரை மூட்டைத் தானியம்
வாசகர் கேள்வி - பதில்

பழைய எகிப்து பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மம்மி செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? ஏதோ ரகசிய மூலிகை இருந்ததாகவும் அது அழிந்துவிட்டதாகவும் சொல்கிறார்களே?

பதில்: ரகசிய மூலிகை எதுவும் கிடையாது. மீனைக் கருவாடாக்கும் வேலைக்கு என்ன அடிப்படையோ அதுதான் இதற்கும். உடலிலிருந்து நீரை எடுத்துவிட்டால் அழுகல் நின்றுவிடும். தொல்காலத்தில் பிணத்தைப் பாலை மணலில் நேரடியாகக் குழி தோண்டிப் புதைத்தபோது சூடான மணலே அதைச் செய்தது. அப்படிப் புதைத்த உடல்கள் எந்தப் பக்குவமும் இல்லாமல் ஐயாயிரம் ஆண்டு கடந்தும் தோலோடும் முடியோடும் கிடைத்திருக்கின்றன. மரியாதைக்காகப் பெட்டி, கல்லறை என்று வந்த பிறகு உடலில் மணல் படவில்லை, உள்ளே இருந்தது அழுகியது. அந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்த தொழில்தான் மம்மி செய்வது.

முக்கியப் பொருள் நேட்ரான் என்ற உப்பு. கெய்ரோவுக்கு வடமேற்கே வாதி எல் நட்ரூன் என்ற பள்ளத்தில் ஏரிகள் வற்றும்போது கரையில் படிவது. சோடியம் கார்பனேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் கலந்தது. சாதாரண உப்பும் சோடியம் சல்பேட்டும் கூடவே இருக்கும். சாதாரண உப்பு நீரை மட்டும் இழுக்கும். நேட்ரானுக்குக் காரத்தன்மை உண்டு என்பதால் கொழுப்பையும் கரைத்து எடுக்கும்.

உடலைக் கழுவியதும் முதல் வேலை மூளை. மூக்குத் துளை வழியாக வெண்கலக் கம்பியை ஏற்றி, மூக்குக்கும் மண்டைக்கும் நடுவில் சல்லடை போல இருக்கும் மெல்லிய எலும்பை உடைப்பார்கள். கொக்கியால் மூளையைத் துண்டு துண்டாக இழுத்தார்கள் என்று பல நூல்களில் இருக்கிறது. மூளை கொக்கியில் நிற்காது. கம்பியைச் சுழற்றிக் கூழாக்கி, உடலைக் குப்புறக் கிடத்தி வடியவிட்டால்தான் வெளியே வரும். பிறகு காலி மண்டைக்குள் சூடான பிசினை ஊற்றுவார்கள்.

அடுத்து இடது விலாவுக்குக் கீழே சிறு கீறல். கை நுழையும் அளவே இருக்கும். அதன் வழியாகக் குடல், இரைப்பை, கல்லீரல், நுரையீரல் நான்கையும் எடுப்பார்கள். இதயத்தை விட்டுவிட வேண்டும், அதன் காரணம் பின்னால் வருகிறது. சிறுநீரகங்கள் முதுகுப் பக்கம் ஒட்டி இருப்பதால் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். எடுத்த நான்கையும் தனியாக உப்பிட்டு உலர்த்தி, துணி சுற்றி, நான்கு சாடிகளில் வைப்பார்கள். மனிதத் தலை மூடி போட்ட இம்செட்டி கல்லீரலுக்கு, குரங்குத் தலை ஹாப்பி நுரையீரலுக்கு, நரித் தலை துவாமுதெஃப் இரைப்பைக்கு, பருந்துத் தலை கெபெசெனுவெஃப் குடலுக்கு.

வயிற்றுக்குழியைப் பனைமதுவால் அலசி, நேட்ரான் பொட்டலங்களை உள்ளே அடைத்து, வெளியே உடல் முழுக்க மூடும்படி நேட்ரானைக் கொட்டுவார்கள். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நேட்ரான் கரைசலில் ஊறப்போடுவது இல்லை, உலர்ந்த தூளில் புதைப்பது. கரைசலில் போட்டால் தோல் உரியும். உலர்த்த 35 முதல் 40 நாள். 1994இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பாப் பிரையர், ரான் வேட் என்ற இருவர், ஆய்வுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட உடலில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். கால் டன்னுக்கும் மேல் நேட்ரான் வேண்டியிருந்தது. 35 நாளில் உடலின் எடை பாதிக்கும் கீழே போய்விட்டது.

மீதி நாட்கள் எண்ணெய் தடவவும், பிசின் பூசவும், குழியைத் துணியாலோ மரத்தூளாலோ நிரப்பவும், துணி சுற்றவும். எல்லாம் சேர்த்து 70 நாள். துணி பெரும்பாலும் வீட்டில் உடுத்தியும் விரித்தும் பழகியதைக் கிழித்ததுதான். நூறு சதுர மீட்டர்களில் கணக்கிட வேண்டிய அளவு.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் பல. உலரும்போது நகம் கழன்று விழும் என்பதால் விரல்களை நூலால் கட்டுவார்கள். அரச குடும்பத்துக்குத் தங்க உறை. 21ஆம் வம்சக் காலத்தில், முகம் உயிரோடு இருப்பது போலத் தெரியத் தோலுக்கு அடியில் பொருள்களைத் திணித்தார்கள். ஹெனுத்தாவி அரசிக்கு அளவு மீறிப்போய், தோல் சுருங்கச் சுருங்கக் கன்னம் வெடித்துவிட்டது. தூத்தன்காமன் உடலில் வாளி வாளியாகப் பிசின் ஊற்றினார்கள். அது உடலையும் துணியையும் கருக்கி, சவப்பெட்டியோடு சேர்த்து ஒட்டிவிட்டது. 1925இல், அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரின் குழு சூடாக்கிய கத்தியால் துண்டு துண்டாகப் பெயர்த்துத்தான் எடுத்தது. அவ்வளவு தங்கத்துக்கு நடுவில் கிடந்த அந்த உடலைவிட, வெறும் மணலில் கிடந்த ஏழையின் உடல் நன்றாக இருக்கிறது.

கேள்வி: சாதாரண மக்களுக்கு இந்தச் செலவு கட்டுப்படியானதா?

பதில்: முழு முறையும் கட்டுப்படியாகாது. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் மூன்று தரங்களைச் சொல்கிறார். இரண்டாம் தரத்தில் கீறலே கிடையாது. தேவதாரு எண்ணெயைக் கீழ்வழியாக ஏற்றி உறுப்புகளைக் கரைத்து இறக்குவது. மூன்றாம் தரத்தில் வயிற்றைக் கழுவிவிட்டு உப்பில் போடுவதோடு சரி. நிலத்தில் உழைத்த பெரும்பான்மைக்கு அதுவும் இல்லை. பாய் சுற்றி மணலில் புதைத்தார்கள்.

கணக்கு வேண்டுமென்றால் டெய்ர் எல் மெதினா என்ற ஊருக்குப் போக வேண்டும். மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டியவர்கள் வாழ்ந்த ஊர் அது. கடன், கொடுக்கல் வாங்கல், வழக்கு எல்லாவற்றையும் உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாணயம் கிடையாது. 91 கிராம் செம்பு ஒரு தெபென். எதையும் அந்த அளவில் மதிப்பிட்டுப் பண்டமாற்றுச் செய்வார்கள். தொழிலாளிக்கு மாதம் 4 மூட்டை எம்மர் கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. அவர்கள் 'கார்' என்று சொன்ன அந்த மூட்டை சுமார் 77 லிட்டர். விலை சாதாரணமாக இருந்த நாளில் மூட்டை 2 தெபென், ஆக மாதக் கூலி 11 தெபென். வண்ணம் தீட்டிய மரச் சவப்பெட்டி 20 முதல் 40 தெபென். கூலியில் ஒரு பிடிகூட உண்ணாமல் இருந்தாலும் இரண்டிலிருந்து நான்கு மாத உழைப்பு ஒரு பெட்டிக்கு. அந்த ஊர்க்காரர்களோ நல்ல நிலையில் இருந்த கைவினைஞர்கள்.

கேள்வி: உலகின் முதல் வேலைநிறுத்தம் எகிப்தில் நடந்ததாமே?

பதில்: எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று சொல்லலாம். அதே டெய்ர் எல் மெதினாதான். மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.மு. 1157. கூலித் தானியம் வரவில்லை. தொழிலாளர்கள் காவல் சுவர்களைக் கடந்து வெளியே வந்து, மூன்றாம் துட்மோஸ் கோயிலின் பின்புறம் உட்கார்ந்தார்கள். மாதத்தில் பதினெட்டு நாள் ஓடிவிட்டது, பசிக்கிறது என்றார்கள். அமென்னக்த் என்ற எழுத்தர் இதையெல்லாம் எழுதி வைத்ததாகக் கருதப்படும் பாப்பிரஸ் (நாணல் தாள்) இப்போது இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த நாளில் ராமேசியம் கோயில் வரை போனார்கள். அங்கே அவர்கள் சொன்னதன் சாரம் இது: பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்கு எழுதுங்கள், அமைச்சருக்கும் எழுதுங்கள்.

எண்ணெயும் மீனும் காய்கறியும் ஏன் அந்தப் பட்டியலில் வருகின்றன? அந்த ஊர் பாலைக் குன்றுக்கு நடுவே இருந்தது. கிணறில்லை, வயலில்லை. தண்ணீரே கழுதை முதுகில் வந்தது. அரசின் வழங்கல் ஒரு வாரம் நின்றால் ஊர் முழுவதும் பட்டினி. பழைய பாக்கியைக் கொடுத்துத் தணித்தார்கள், மறுபடி தாமதம், மறுபடி வெளியே வந்து உட்கார்ந்தார்கள். களஞ்சியத்திலேயே தானியம் இல்லை என்று அமைச்சர் தோ பாதிப் படி கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது.

அதே ஊரிலிருந்து வருகைப் பதிவேடு ஒன்றும் உண்டு. இரண்டாம் ராமேசஸின் 40ஆம் ஆண்டைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் பலகை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே வராத தேதி, அதற்கு மேல் சிவப்பு மையில் காரணம்: தேள் கடி, கண் நோய், பீர் வடித்தான், தாயைப் பக்குவம் செய்தான். மகளுக்கோ மனைவிக்கோ மாதவிலக்கு என்பதும் விடுப்புக்குக் காரணமாக எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி: பிரமிடுகளைக் கட்டியவர்கள் அடிமைகள்தானே?

பதில்: இல்லை. கீசாவில் 1990 முதல் தொழிலாளர் கல்லறைகளும், ரொட்டிச் சூளைகளும் மாட்டெலும்புக் குவியல்களும் உள்ள குடியிருப்பும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. எலும்பு முறிந்து, சரியாகப் பொருத்திக் கட்டி, குணமான உடல்கள் அங்கே உண்டு. பிரமிடின் நிழலிலேயே கல்லறை கொடுத்துப் புதைத்திருக்கிறார்கள். கட்டாய முறை வேலை இருந்தது. ஊர் ஊராக ஆளைக் கூப்பிட்டார்கள், மறுக்க முடியாது. அதைச் சுதந்திரமான உழைப்பு என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் சந்தையில் வாங்கிய அடிமைக் கூட்டம் அல்ல.

2013இல் செங்கடல் கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் பியர் தலே தலைமையிலான குழுவுக்குப் பாப்பிரஸ் துண்டுகள் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை. மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு அதில் இருக்கிறது. சுமார் நாற்பது பேரோடு, தூராவில் வெட்டிய வெண்சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி, நைலிலும் வாய்க்காலிலும் கீசாவுக்குக் கொண்டுபோய் இறக்குகிறார். பத்து நாளில் இரண்டு மூன்று நடை. பெரிய பிரமிடைக் கட்டிய மன்னர் குஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அங்காஃப் மேற்பொறுப்பில் இருந்ததும் அதில் தெரிகிறது. அந்த வெண்கல் பிரமிடின் வெளிப்பூச்சுக்கு. உள்ளே அடுக்கிய கல் கீசாவிலேயே வெட்டியது. கருவறையின் கருங்கல் அஸ்வானிலிருந்து வந்தது.

தரையில் இழுத்தது மரச் சறுக்கில். ஜெஹுதிஹோத்தெப் என்ற மாவட்டத் தலைவரின் கல்லறை ஓவியத்தில் 172 பேர் நான்கு வரிசையாக ஒரு பெரிய சிலையை இழுக்கிறார்கள். சறுக்கின் முனையில் நிற்பவர் தரையில் நீர் ஊற்றுகிறார். அதை வெறும் சடங்கு என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் செய்து பார்த்தபோது, சரியான அளவு ஈரம் இருந்தால் இழுவிசை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. காய்ந்த மணல் சறுக்குக்கு முன்னால் மேடாகக் குவிந்து தடுக்கும். அளவான ஈரத்தில் மணல் இறுகி நிற்கும். நீர் அதிகமானால் சேறாகி மறுபடி புதையும். ஊற்றியவர் சும்மா நின்றவர் இல்லை, அளவு தெரிந்த வேலைக்காரர்.

கேள்வி: இறந்தவரின் இதயத்தைத் தராசில் நிறுத்துவார்களாமே? எதற்கு?

பதில்: எகிப்தியருக்கு நினைவும் எண்ணமும் இருக்கும் இடம் இதயம். அதனால்தான் மூளையை வீசிவிட்டு இதயத்தை விட்டுவைத்தார்கள். 'பகலில் வெளிவருவதற்கான வாசகங்கள்' என்று அவர்கள் சொன்ன தொகுப்பில் (நாம் மரித்தோர் நூல் என்கிறோம்) 125ஆம் பகுதி இந்த வழக்குமன்றம். ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் மாஅத்தின் இறகு. மாஅத் என்றால் நேர்மை, ஒழுங்கு, உலகம் நிலைகுலையாமல் நிற்பது, எல்லாம் சேர்ந்த ஒரு சொல். அனுபிஸ் தெய்வம் தராசு முள்ளைச் சரிபார்க்க, தோத் தெய்வம் எழுதிக்கொள்ள, மறுமையின் அரசர் ஓசிரிஸ் அமர்ந்திருப்பார். பக்கத்தில் அம்மித்: முதலைத் தலை, முன்பாதி சிங்கம், பின்பாதி நீர்யானை. இதயம் கனத்தால் அதன் வாய்க்குப் போகும். அதன் பிறகு நரகம் என்று ஒன்று இல்லை. அந்த மனிதர் இல்லாமலே போய்விடுவார். அதுதான் அவர்களுக்குப் பெரிய அச்சம்.

42 நீதிபதிகள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி 'நான் இதைச் செய்யவில்லை' என்று மறுக்க வேண்டும். அதற்கு முன் ஓசிரிஸ் முன்னிலையில் தனியாக இன்னொரு மறுப்புப் பட்டியல். அதைப் படித்தால் அந்தச் சமூகம் எதை அஞ்சியது என்று தெரியும். தராசின் எடைக்கல்லில் கூட்டவில்லை. நில அளவில் குறைக்கவில்லை. குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை. பருவத்தில் வரும் நீரைத் தடுக்கவில்லை. ஓடும் நீருக்கு அணை போடவில்லை. ஒரே ஆற்றை நம்பி விளைந்த நாட்டில் மேல்வயல்காரன் மடையை அடைத்தால் கீழ்வயல் காயும். மறுமைக் கணக்கில் அது வருவது இயல்பு.

இதயமே எதிர்சாட்சி சொல்லிவிட்டால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. பச்சைக் கல்லில் வண்டு செய்து, பொன்னில் பதித்து, மார்பில் வைப்பார்கள். அடிப்பகுதியில், என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே என்ற பொருளில் வாசகம். அவசரத்தில் வேலை பார்த்தவர்கள் இதயத்தையும் சேர்த்து இழுத்துவிட்டது உண்டு, சி.டி. ஸ்கேனில் இதயம் இல்லாத மம்மிகள் நிறையத் தெரிகின்றன.

இந்த நூல் சுருள்களைத் தயாராக எழுதி வைத்து விற்றார்கள். பெயருக்கு இடம் விட்டிருப்பார்கள். வாங்கியவர் பெயரை அப்புறம் நிரப்புவது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 24 மீட்டர் நீளமுள்ள அனியின் சுருளில்கூடப் பல இடங்களில் பெயர் பிறகு எழுதப்பட்டது தெரிகிறது.

கேள்வி: ஃபாரோ என்பது பட்டமா, பெயரா? அருங்காட்சியகத்தில் கல்லைப் பார்த்து எந்த மன்னர் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: 'பெர்-ஆ' என்றால் பெரிய வீடு. அரண்மனையைக் குறித்த சொல் பதினெட்டாம் வம்சக் காலத்தில் அதில் இருப்பவரைக் குறிக்கத் தொடங்கியது. குஃபுவை அவர் காலத்தில் யாரும் ஃபாரோ என்று அழைத்திருக்க மாட்டார்கள்.

மன்னருக்கு ஐந்து பெயர். அவற்றில் இரண்டு மட்டும் நீள்வட்டக் கயிற்றுக்குள் எழுதப்படும். வட்டத்துக்கு மேலோ முன்னாலோ கோரைப்புல்லும் தேனீயும் இருந்தால் அது பட்டம் சூட்டியபோது வைத்த பெயர். வாத்தும் சூரிய வட்டமும் இருந்தால் 'ரா-வின் மகன்', அதாவது பிறந்தபோது வைத்த பெயர். பாடநூல்களில் நாம் படிப்பது பிறவிப் பெயரை. ஆனால் ராமேசஸ், துட்மோஸ் என்று ஒரே பெயரில் பலர் இருப்பதால், ஆளைத் தீர்மானிக்கப் பட்டப்பெயரைத்தான் பார்க்க வேண்டும். தூத்தன்காமனின் பட்டப்பெயர் நெப்-கெபெரு-ரா. கல்லில் மேலே சூரிய வட்டம், நடுவில் வண்டு, அதன் கீழ் மூன்று கோடு, அடியில் கூடை. சூரியன் கடவுள் என்பதால் மரியாதைக்கு முதலில் எழுதி, படிக்கும்போது கடைசியில் படிக்கிறார்கள். வண்டும் கூடையும் மனதில் இருந்தால் அவருடைய பொருள்களை எங்கேயும் அடையாளம் காணலாம்.

மன்னர் கடவுளா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பதவி தெய்வீகமானது, அதில் அமர்ந்தவர் மனிதர். இந்த வேறுபாடு எகிப்தியருக்குத் தெரிந்தே இருந்தது. மூன்றாம் ராமேசஸை அந்தப்புரத்தில் சதி செய்து கொல்லப் பார்த்தவர்களின் விசாரணைப் பதிவு கிடைத்திருக்கிறது. 2012இல் வெளியான ஸ்கேன் ஆய்வில் அவர் கழுத்து எலும்பு வரை அறுபட்டிருப்பது தெரிந்தது.

கேள்வி: ஹட்ஷெப்சுட் பெண்ணாக இருந்தும் தாடி வைத்த சிலைகள் ஏன்? அவர் பெயரை மூன்றாம் துட்மோஸ் பழிவாங்க அழித்தாரா?

பதில்: தாடி ஆண் மன்னருக்கும் ஒட்டுத்தாடிதான், பதவிச் சின்னம். சிலையில் ஆண் உடை என்றாலும் கல்வெட்டில் அவரைப் பெரும்பாலும் பெண்பாலிலேயே எழுதியிருக்கிறார்கள், ஏமாற்றும் நோக்கம் இல்லை. வாரிசான துட்மோஸ் சிறுவனாக இருந்ததால் பொறுப்பேற்று, சில ஆண்டுகளில் தானே முடிசூடினார். ஏறத்தாழ கி.மு. 1479 முதல் 1458 வரை. பழிவாங்கல் என்ற கதை எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அழிப்பு அவர் இறந்து சுமார் இருபது ஆண்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கோபக்காரர் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. அழித்ததும் மன்னராக இருந்த வடிவங்களை. அரசியாக இருந்தவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். தன் மகனுக்கு வாரிசுரிமைச் சிக்கல் வரக்கூடாது என்று துட்மோஸ் போட்ட கணக்காகவே தோன்றுகிறது.

கேள்வி: ஒவ்வொரு நூலிலும் ஒவ்வோர் ஆண்டு போடுகிறார்களே, எது சரி?

பதில்: எகிப்தியர் தொடர் ஆண்டு எண்ணவில்லை. புது மன்னர் வந்தால் மறுபடி ஒன்று. ஒரு மன்னர் எத்தனை ஆண்டு ஆண்டார், இருவர் சேர்ந்து ஆண்டார்களா என்பதில் ஐயம் வந்தால் அதற்கு முந்தைய எல்லாமே நகரும்.

நட்சத்திரக் கணக்கு ஓரளவு உதவுகிறது. அவர்கள் சோப்தெத் என்று சொன்ன சிரியஸ் விண்மீன் ஏறத்தாழ 70 நாள் கண்ணில் படாமல் இருந்து, விடியலுக்குச் சற்று முன் கிழக்கே மறுபடி தோன்றும். நைல் வெள்ளத்துக்கு அதுவே அடையாளம். மம்மிக்கு 70 நாள் வைத்ததும் இதே கணக்கில்தான் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அரசு நாட்காட்டி 30 நாள் மாதம் பன்னிரண்டு, கூடுதலாக 5 நாள், ஆக 365. கால் நாளை விட்டுவிட்டதால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வழுக்கிக்கொண்டே போனது. விண்மீன் அதே தேதிக்குத் திரும்ப 1460 ஆண்டு ஆகும். ஆகவே சிரியஸ் இன்ன தேதியில் தோன்றியது என்று எங்காவது எழுதியிருந்தால் ஆண்டைப் பிடிக்கலாம். மூன்றாம் செனுஸ்ரெத்தின் 7ஆம் ஆண்டுக்கு அப்படி ஒரு குறிப்பு உண்டு. மெம்பிஸில் பார்த்தார்கள் என்றால் கி.மு. 1872 வாக்கில் வரும். தெற்கே எலிபன்டைனில் பார்த்தார்கள் என்றால், அங்கே விண்மீன் சில நாள் முன்பே தெரியும் என்பதால், சுமார் நாற்பது ஆண்டு பின்தள்ளி வரும். நூல்களில் நீங்கள் பார்க்கும் வேறுபாட்டின் ஒரு வேர் இதுதான்.

கி.மு. 238இல் மூன்றாம் தாலமி நான்காண்டுக்கு ஒரு நாள் கூட்ட ஆணையிட்டார், நடக்கவில்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் நடந்தது. எகிப்தின் காப்டிக் கிறித்தவர்கள் இன்றும் அதே முப்பது நாள் மாதக் கணக்கில்தான் பண்டிகை வைக்கிறார்கள். முதல் மாதம் தோத்தின் பெயரில் 'தௌத்'.

கேள்வி: பூனையைத் தெய்வமாக வணங்கியவர்கள் லட்சக்கணக்கில் மம்மியாக்கினார்களே, அத்தனையும் இயற்கையாக இறந்தவையா?

பதில்: இல்லை. எக்ஸ்ரேயில் கழுத்து முறிக்கப்பட்ட குட்டிகள் பல தெரிகின்றன. வீட்டுப் பூனை வேறு, காணிக்கைக்கென்று கோயிலில் வளர்த்த பூனை வேறு. பக்தர் விலை கொடுத்து மம்மியை வாங்கித் தெய்வத்துக்கு வைப்பார். தேவை பெருகியதும் கலப்படமும் வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் எண்ணூறுக்கு மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்தபோது மூன்றில் ஒரு பங்கில் விலங்கே இல்லை. சேறு, குச்சி, நாணல், இறகு. எல்லாவற்றையும் மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விலங்கின் கூட்டில் கிடந்த இறகும் புனிதம் என்று கருதியிருக்கலாம். ஆனால் முறைகேடு இருந்ததை எகிப்தியரே எழுதியிருக்கிறார்கள்: சக்காராவில் கிடைத்த ஹோர் என்ற பூசாரியின் குறிப்புகளில், 'ஒரு கலத்தில் ஒரு தெய்வம்' இருக்க வேண்டும் என்ற சீர்திருத்தம் வருகிறது.

கேள்வி: அண்ணன் தங்கையை மணப்பது அங்கே வழக்கமா?

பதில்: அரச குடும்பத்தில் சிலர். தூத்தன்காமனின் பெற்றோர் உடன்பிறந்தவர்கள் என்று 2010 மரபணு ஆய்வு சொன்னது. பொதுமக்கள் காதலியையும் மனைவியையும் 'சகோதரி' என்ற சொல்லால் அழைத்ததால் குழப்பம் வந்தது. ரோமானியர் ஆண்ட காலக் குடிக்கணக்குகளில் மட்டும்தான் சாதாரணக் குடும்பங்களிலும் இது பரவலாகத் தெரிகிறது.

பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்ததா என்று கேட்டவருக்கு: இருந்தது. நவ்நக்தே என்ற மூதாட்டி கி.மு. 1145 வாக்கில் ஊர் மன்றத்தில் உயில் எழுதினார். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து, எல்லோருக்கும் வீட்டுச் சாமான் கொடுத்தேன். வயதான காலத்தில் கைகொடுத்தவருக்கு என் சொத்து, கொடுக்காதவருக்கு இல்லை என்றார். அதன்படியே நடந்தது.

கேள்வி: தூத்தன்காமன் கல்லறையைத் திறந்தவர்கள் சாபத்தால் இறந்தார்களாமே?

பதில்: இல்லை. தோண்டும் வேலைக்குப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தது கொசுக்கடி புண்ணாகி, நச்சேறி, நிமோனியாவில். தூத்தன்காமன் உடலையே அறுத்துப் பார்த்த மருத்துவர் டெரி 1961 வரை உயிரோடு இருந்தார்.

கேள்வி: எகிப்திய மம்மியில் நம் மிளகு இருந்தது உண்மையா? தமிழர் தொடர்பு எவ்வளவு பழையது?

பதில்: கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராமேசஸின் மூக்கில் மிளகு மணிகள் இருந்தன. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் விளைந்தது. மூக்கின் வடிவம் சிதையாமல் இருக்க அடைத்திருப்பார்கள். ஆனால் இதை வைத்து அந்தக் காலத்திலேயே தமிழர் கப்பலோட்டி நைலுக்குப் போனார்கள் என்று எழுதுவது சரியல்ல. கை மாறிக் கை மாறிப் போன சில மணிகளாகவே இருக்கலாம்.

உறுதியான சான்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டு தள்ளி, ரோமானியர் காலத்தில் வருகிறது. செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில், தரையில் புதைத்த இந்தியப் பெருஞ்சாடியில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. இன்னும் வடக்கே குசேர் அல் கதீமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடுகள். அங்கேயே ஒரு சாடியில் 'பானை ஒறி' என்று இரண்டு இடத்தில் கீறியிருக்கிறது. ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது: ஒறி என்பது உறி. அடுப்படியில் தயிர்ப்பானையை எறும்பும் பூனையும் எட்டாமல் தொங்கவிடுவோமே, அதே உறி.